"எந்த ஏரியா?" என்ற கேள்வியும் ஒரு சைக்கிளும்

போன வாரம் காலை ஏழரை மணிக்கு ஒரு தம்பி போன் செய்தான். ஊரப்பாக்கத்தில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விடிகாலையில் பேப்பர் போட்டுவிட்டு, அதன் பிறகு குளித்து, மின்சார ரயிலைப் பிடித்துக் கல்லூரிக்குப் போவான்.

"அண்ணா, பிளாட்பாரத்துல சைக்கிள் ஓட்டினா கேஸ் உண்டா?"

என்ன நடந்தது என்று கேட்டேன். ஜிஎஸ்டி ரோட்டில் பிளாட்பாரத்தின் மேல் ஏறி வந்திருக்கிறான். ஒரு காவலர் நிறுத்தியிருக்கிறார். இறங்கச் சொன்னார், இறங்கினான். இது நடக்கிறவங்க போற வழி, தெரியாதா தம்பி என்றார். தெரியும் சார், கீழே லாரி வந்துச்சு என்றான். அதுவரை பேச்சில் தப்பே இல்லை. அடுத்து, "எந்த ஏரியா?" இவன் சொன்னான். "ரோட்டுக்கு இந்தப் பக்கமா, காலனியா?" காலனி என்றான். 'தம்பி'யாக இருந்தவன் அதற்குப் பிறகு 'டேய்' ஆகிவிட்டான். இருநூறு ரூபாய் கேட்டார். பையில் எழுபதுதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு பின் சக்கரத்து வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டார். ரசீது கிடையாது. மிச்சப் பேப்பரைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ப் போட்டிருக்கிறான். அன்றைக்குக் கல்லூரி போச்சு.

அவன் கேட்டது எழுபது ரூபாயைப் பற்றி அல்ல. கேஸ் உண்டா, இல்லையா? சட்டத்தைக் கேட்டான். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் பக்கத்துத் தப்பைப் பேசிவிடுவோம். பிளாட்பாரம் நடக்கிறவர்களுக்கு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. "சைக்கிள் ஓட்டுகிறவன் ஏழைத் தொழிலாளி, அவன் எங்கே ஓட்டினாலும் சரி" என்று நம் தோழர்களில் சிலர் பேசுகிறார்கள். சைக்கிள்கூட இல்லாத ஆள் ஒருத்தி அதே பிளாட்பாரத்தில் நடந்து போகிறாள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஊரப்பாக்கத்தில் விடிகாலையில் நடப்பது யார்? அடுக்குமாடி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகும் அக்காக்கள், துடைப்பத்தோடு கிளம்பும் தூய்மைப் பணியாளர்கள், ஸ்டேஷனுக்கு ஓடும் கம்பெனிப் பெண்கள். என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பின்னால் மணி அடித்தால் சட்டென்று ஒதுங்க அவரால் முடியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஓர் ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் மொத்தச் சாவு 17,884. நடக்கிறவர்களின் பாதையைக் காக்க ஒரு விதி வேண்டும், அதை அமல்படுத்த ஆள் வேண்டும். இதை எதிர்த்து நான் எழுதவில்லை.

ஆனால் எந்த விதி? யார் மேல்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 118ஆம் பிரிவின் கீழ் 2017இல் ஓட்டுநர்களுக்கான ஒழுங்குமுறைகள் வந்தன. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் மோட்டார் வண்டியை ஓட்டக்கூடாது என்பது அதில் இருக்கிறது. மீறினால் 177ஏ பிரிவின்படி ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். திரும்பப் படியுங்கள்: மோட்டார் வண்டி. அந்தச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வண்டியே அல்ல. பைக்கில் பிளாட்பாரம் ஏறுகிறவனுக்குப் பொருந்தும் இந்தப் பிரிவு, பேப்பர் போடும் தம்பிக்குப் பொருந்தாது.

அப்படியானால் காவலர் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொதுவழியில் ஆபத்தாக வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கிறது, அதில் சைக்கிளும் வரும். 285ஆம் பிரிவு பொதுவழியில் தடை ஏற்படுத்துவதைப் பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283இல் இருநூறு ரூபாயாக இருந்த அபராதத்தை இங்கே ஐயாயிரம் வரை ஏற்றியிருக்கிறார்கள். இந்த 285 எப்படிப் பிறந்தது என்று நினைவிருக்கிறதா? 2024 ஜூலை 1, புதுச் சட்டம் அமலுக்கு வந்த முதல் நாள். டெல்லியில் போட்ட முதல் வழக்கு, புதுடெல்லி ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் கீழே தண்ணீர் பாட்டில் விற்ற தெரு வியாபாரி ஒருவர் மேல். செய்தி நாடெங்கும் பரவியதும், நாட்டின் முதல் வழக்கு குவாலியரில் பைக் திருட்டு வழக்குதான் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. டெல்லி வழக்கைக் கைவிட்டார்கள். காலனிய சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று மேடையில் முழங்கிய அன்றைக்கே, சட்டம் தன் கையை முதலில் எங்கே நீட்டியது பாருங்கள்.

இதெல்லாம் போக, நம் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த '75' இருக்கவே இருக்கிறது. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்தான் என்று நகரக் காவல் சட்டத்தில் போடும் பெட்டி கேஸ். தெருமுனையில் நின்றாலும் 75, எதிர்த்துப் பேசினாலும் 75.

ஆக, தம்பிக்கு என் பதில் இதுதான். பிளாட்பாரத்தில் சைக்கிள் ஓட்டுவதற்கென்று மோட்டார் வாகனச் சட்டத்தில் உனக்கு அபராதம் இல்லை. வேறு பிரிவில் வழக்குப் போடலாம். போட்டால் பிரிவைச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும், பணம் வாங்கினால் ரசீது தர வேண்டும். வால்வைப் பிடுங்குவது எந்தச் சட்டத்திலும் தண்டனை அல்ல.

இன்னொன்றும் கவனித்தேன். பைக்குக்கு நம்பர் பிளேட் இருக்கிறது. அவர்மேல் சலான் போட்டால் அது போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகிறது. அவரை யாரும் தொடுவதில்லை, எந்த ஏரியா என்று கேட்பதில்லை. சைக்கிளுக்கு நம்பர் இல்லை. அதனால் அதில் வருகிற ஆளைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது: சட்டையை, ஹேண்டில்பாரை, கடைசியில் அவன் முகவரியை. ஒரே பிளாட்பாரம், ஒரே தப்பு. ஒருவனிடம் வண்டி எண்ணைக் கேட்கிறார்கள், மற்றவனிடம் சேரியா என்று கேட்கிறார்கள்.

சென்னைக்குத் தெற்கே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. யாரும் உன் சாதி என்ன என்று கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. எந்த ஊர், எந்தத் தெரு, கோயில் பக்கமா ஏரிப் பக்கமா. மூன்றாவது கேள்வியில் விடை கிடைத்துவிடும். அந்தக் காவலரும் நம் தெருக்காரராகவே இருக்கலாம். இருந்தாலும் ஆச்சரியமில்லை. மாதக் கடைசியில் பெட்டி கேஸ் கணக்குக் குறைந்தால் அதிகாரியிடம் ஏச்சு வாங்குவது அவர்தான் என்று, காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்ற உறவினர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். எளிதாக மடக்கக் கூடியவன் யார் என்பதைக் கற்றுத்தர பயிற்சிக் கல்லூரி தேவையில்லை. அதை ஊரே கற்றுத்தந்துவிடுகிறது.

சரி, அவன் ஏன் பிளாட்பாரத்தில் ஏறினான்? ஜிஎஸ்டி ரோட்டில் காலை ஆறு மணிக்குச் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். பழைய என்எச் 45. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது முதல், தென்மாவட்டத்திலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பேருந்துகள் விடிகாலையில் இங்கேதான் வந்து சேர்கின்றன. டிரைவர்களுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும் நேரம். ரோட்டை அகலமாக்கியவர்கள் அதில் சைக்கிளுக்கென்று ஒரு முழம்கூட ஒதுக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பேப்பர் போட வேண்டுமென்றால், சென்டர் மீடியன் திறக்கும் இடம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். பைக்காரனுக்கு அது பெட்ரோல், சைக்கிள்காரனுக்குக் கால். அதனால் எதிர்த்திசையில் வருகிறான், பயம் வந்ததும் மேலே ஏறுகிறான். தப்புதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்யவைத்த ரோட்டைப் போட்டவன் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

பிளாட்பாரம் என்று நாம் சொல்வதும் என்ன? பல இடங்களில் அது மழைநீர் வடிகால் மேல் போட்ட சிமென்ட் மூடி. நாலு மூடி சரியாக இருக்கும், ஐந்தாவது உடைந்திருக்கும். அதற்கு மேல் ஒரு கடையின் ஜெனரேட்டர், ஒரு ஓட்டலின் கார் நிறுத்தம், ஒரு கட்சியின் கொடிக்கம்பம், ஒரு டிரான்ஸ்பார்மர். என் அம்மாவை ரோட்டுக்கு இறக்குவது இவைதான், பேப்பர்க்காரப் பையன் அல்ல. இவர்களில் யாரிடமும் யாரும் வால்வைப் பிடுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. (அந்த மூடி அடைத்துக்கொண்டால் கீழே இறங்கச் சொல்லி எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். மலக்குழியில் மனிதரை இறக்கத் தடை போட்டு 2013லேயே சட்டம் வந்துவிட்டது.)

சைக்கிளிலிருந்து இறங்கு என்ற சொல் நம் காதுக்குப் புதிதல்ல. என் தாய்மாமன் எழுபதுகளில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏற ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். தெரு முனை வந்ததும் இறங்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைக்க வேண்டும், கடைசி வீடு தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். தாண்டியதும் ஏறி மிதிக்கலாம். சைக்கிள் இருந்தும் அவர் நடந்த தூரத்தை அளந்தால் பாதி மாவட்டம் வரும் என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே சொல்வாரே தவிர, அந்தச் சைக்கிளை விற்ற பிறகும் அந்தத் தெருவுக்குள் அவர் போனதில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று யாராவது சொன்னால் சட்டப் புத்தகத்தைக் காட்டுங்கள். 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1) பிரிவு, இசட்.ஏ. உட்பிரிவு. பொது இடத்தில் நம்மவர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பதும் வன்கொடுமை என்று அதில் எழுதியிருக்கிறது. சைக்கிள் என்ற சொல்லை நாடாளுமன்றம் அங்கே சும்மா சேர்க்கவில்லை. இறக்கிவிட்டார்கள், அதனால் சேர்த்தார்கள். தம்பிக்கு நடந்தது நேராக இந்தப் பிரிவுக்குள் வருமா என்றால், வராது. பிளாட்பாரத்திலிருந்து இறங்கச் சொன்னதில் காவலருக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. சட்டத்தை அதன் அளவுக்கு மேல் நீட்டினால் நாளைக்கு உண்மையான வழக்கில் நாமே தோற்போம், மாணவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். ஆனால் சாதிப் பெயர் சொல்லிப் பலர் பார்க்க இழிவுபடுத்தினால் கதை வேறு. அப்போது சாட்சியின் பெயரை எழுதி வையுங்கள்.

இங்கிருந்து தெற்கே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டைமலை சீனிவாசன். 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதுவானாலும் எந்தச் சாதியாரும் போகலாம், புழங்கலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அடுத்த மாதமே அரசாணை ஆனது. தெருவில் நடக்கலாம் என்று சொல்ல அரசாணை தேவைப்பட்டது. சைக்கிளில் போகலாம் என்று சொல்ல இன்னும் தொண்ணூறு வருடம் கழித்து ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டு அரசின் இலவசச் சைக்கிள் திட்டமும் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தொடங்கியது. மற்றவர்களுக்கு விரிந்தது பிறகுதான். அரசாங்கம் ஒரு கையால் சைக்கிள் கொடுத்தது, அதை ஓட்ட வழி போட மறந்துவிட்டது.

வெளியே பார்த்தால் நாம் தனியாக இல்லை. 2013இல் கொல்கத்தா காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. காரணம், போக்குவரத்து வேகமாகப் போக வேண்டுமாம். பால்காரர், மீன்காரர், பேப்பர்காரர் எல்லோரும் பிடிபட்டு அபராதம் கட்டினார்கள். போராட்டங்களுக்குப் பிறகு அந்தப் பட்டியலைச் சுருக்கினார்கள், முழுதாக எடுக்கவில்லை. அமெரிக்காவின் டாம்பா நகரில் மூன்று ஆண்டில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் சைக்கிள் அபராதச் சீட்டு எழுதியதை 2015இல் அந்த ஊர்ப் பத்திரிகை தோண்டி எடுத்தது. நகரத்தில் கறுப்பர்கள் ஏறத்தாழ கால்வாசி. சீட்டு வாங்கியவர்களில் அவர்கள் நூற்றுக்கு 79. சிகாகோவில் இன்னும் நேரடி: அங்கே சைக்கிள்காரர்களுக்குப் போட்ட அபராதத்தில் பெரும்பகுதி பிளாட்பாரத்தில் ஓட்டியதற்குத்தான். கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில், தலைக்கு இத்தனை என்று பார்த்தால், வெள்ளையர் பகுதியைவிட எட்டு மடங்கு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. சைக்கிள் பாதை போட்ட தெருக்களில் அபராதம் குறைந்திருக்கிறது. கீழே வழி இருந்தால் மேலே யார் ஏறப்போகிறார்கள்?

இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டமே பிளாட்பாரத்தில் சைக்கிளைத் தடுக்கிறது. 1999இல் காவலர் அந்த இடத்திலேயே அபராதம் போடலாம் என்று மாற்றியபோது, அமைச்சராக இருந்த பால் போட்டெங் ஒரு விளக்கமும் சேர்த்துக் கொடுத்தார்: வண்டிகளுக்குப் பயந்து மேலே ஏறி, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போகிறவர்களைப் பிடிக்க இது வரவில்லை, காவலர்கள் நிதானத்தோடு நடக்க வேண்டும் என்று. 2014இல் அதையே மறுபடி உறுதிப்படுத்தினார்கள். நம் ஊரில் அப்படி ஒரு வரி எழுதித்தர ஒரு அமைச்சரோ அதிகாரியோ கிடைப்பாரா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கேட்க வேண்டிய நேரமும் இதுதான். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், நடைபாதை என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வழக்கில் அக்டோபர் 7 அன்று இன்னொரு உத்தரவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ், மோட்டார் இல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் பொது இடங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் எப்படிப் புழங்குவது என்பதற்கு மாநிலங்கள் ஆறு மாதத்தில் விதி எழுத வேண்டும். மே மாத உத்தரவைக் கொண்டாடிய நம் தோழர்கள் பலர் இந்த அக்டோபர் உத்தரவைப் படிக்கவே இல்லை. படியுங்கள். இதுவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் கைக்கு எட்டாமல் இருந்த சைக்கிள் இனி அதற்குள் வருகிறது. விதியை எழுதுகிறவர் மனதில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து, அது சைக்கிளுக்கு வழி போடச் சொல்லும் விதியாகவும் வரலாம், சைக்கிளை நெடுஞ்சாலையிலிருந்து துரத்தும் விதியாகவும் வரலாம். சாலைப் பாதுகாப்புக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் காரில் போகிறார்கள். ஹெல்மெட், கண்ணாடி, இருபதாயிரம் ரூபாய் சைக்கிளோடு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மகாபலிபுரம் போய்வரும் அண்ணன்களுக்குச் சங்கம் இருக்கிறது, அவர்கள் மனுக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். கேனில் டீ விற்கிறவருக்கும், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாத் தம்பிக்கும், இரவு வாட்ச்மேனுக்கும் யார் மனுக் கொடுப்பது?

என் கோரிக்கைகள் பெரிதல்ல. சைக்கிள் பாதை இல்லாத நெடுஞ்சாலையில், நடப்பவருக்கு இடைஞ்சல் செய்யாத சைக்கிள்காரரைத் தண்டிக்கக் கூடாது. எச்சரித்து அனுப்பினால் போதும். சைக்கிளுக்கு எந்த அபராதமானாலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வண்டியை, டியூபை, வால்வைத் தொடக் கூடாது. பெயரும் போன் நம்பரும் போதும் என்ற இடத்தில் தெருவைக் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், பிளாட்பாரத்தை அடைத்து நிற்கும் கார்களை எடுக்க வேண்டும்.

இதற்கு வெறும் கோபம் போதாது, கணக்கு வேண்டும். டாம்பாவில் அந்தப் பத்திரிகைக்காரர்கள் கையில் சீட்டுகள் இருந்தன, அதனால்தான் காவல்துறையால் மறுக்க முடியவில்லை. நம்மிடம் ரசீதே இல்லாத எழுபது ரூபாய்கள்தான் இருக்கின்றன. ஆகவே இந்த ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் புத்தகத்துக்கு லீவு. தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு எழுதப் போகிறோம். ஒன்று காவல்துறைக்கு: கடந்த மூன்று ஆண்டில் நம் பகுதியில் நடைபாதை தொடர்பாகப் போட்ட வழக்கு எத்தனை, எந்தெந்தப் பிரிவில், பைக் எத்தனை, கார் எத்தனை, சைக்கிள் எத்தனை, வசூலான அபராதம் எவ்வளவு. இன்னொன்று நெடுஞ்சாலைத் துறைக்கு: ரோட்டை அகலப்படுத்திய திட்ட வரைபடத்தில் சைக்கிள் பாதை இருந்ததா, இருந்தால் எங்கே போனது. மனுவில் ஒட்டப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். நான் நாலு வாங்கி வைத்திருக்கிறேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

மனுவைத் தம்பி தன் பெயரிலேயே போடுவதாகச் சொல்லிவிட்டான். முகவரி எழுத வேண்டிய இடத்தில் தெருவின் பெயரை முழுதாக எழுதட்டுமா என்று கேட்டான். எழுது என்றேன்.